உள்ளேயிருந்து திறக்காது

வேன் வாடகைக்கு விடும் கொட்டகைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் மலைச்சரிவில் பாதிதான் இறங்கியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பேசிப் பேசித் தள்ளிப்போட்ட பயணம். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டெல்லாம் அவன் லீவு போடும் நாளாகப் பார்த்துத்தான் நின்று தொலைக்கும் என்பது அவளுடைய நீண்டகாலப் புகார். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அடுத்தவர் செய்கிற தப்புக்கெல்லாம் பக்கத்து சீட்டிலிருந்து பிரேக் மிதித்து மிதித்து, அவளுக்குப் பொறுமையும் வாய்த்துடுக்கும் சரிசமமாக வளர்ந்திருந்தன. அவன் அவளை டீச்சர் என்பான். அவள் அவனை மெக்கானிக் சார் என்பாள். கோபம் வந்தால் ‘சார்’ மட்டும் போய்விடும்.

வேன்காரம்மா சின்ன வெள்ளை வண்டியின் சாவியைக் கையில் எடுத்துவிட்டாள். அப்போதுதான் அவன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

“லீவுக்கு வந்த இடத்துல டூல்ஸ் பையா?”

“அது இல்லாம இவரு குளிக்கக்கூடப் போகமாட்டாரும்மா” என்றாள் டீச்சர்.

“என்ன வேலை தம்பி?”

“லிஃப்ட் மெக்கானிக். உள்ள மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்கிற வேலைம்மா.”

வேன்காரம்மா அவன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்த சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வேறொரு சாவியை எடுத்தாள்.

“இந்த வண்டி வேணாம். பின்னாடி பெரிசு ஒண்ணு நிக்குது. அதே வாடகைதான், எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு அதான் சரி.”

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? இருவருக்கும் வாயெல்லாம் பல். பச்சை நிற வேன். முன்னால் ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் ஒருவருக்கும் இடம். பின்னால் ஒரு குட்டி அறை: கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, துணி வைக்க அலமாரி. இரண்டுக்கும் நடுவே தகரச் சுவர், அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. பின்னறைக்குப் போக வேண்டுமென்றால் இறங்கிப் போய்ப் பக்கவாட்டில் இருக்கும் இழுப்புக் கதவைத் திறக்க வேண்டும். புது பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் வருமே, அந்த ஈரமண் வாசனை.

“அப்படியே லிஃப்ட் கேபின் மாதிரி இருக்கு” என்றான் அவன் சந்தோஷமாக.

கதவைத் திறந்து காட்டிய வேன்காரம்மா உள்ளே காலை வைக்கவில்லை. ஒதுங்கி நின்றுதான் எல்லாவற்றையும் கைகாட்டினாள்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இந்தக் கதவு சில நேரம் உள்ளேயிருந்து திறக்காது. வெளிய ஒருத்தர் நின்னா போதும்.”

“நான் சரி பண்ணிடுறேம்மா.”

“பண்ணுங்க தம்பி. உங்களாலதான் முடியும்.” அவள் கண் கலங்கியிருந்தது. வெயில் கூசுகிறது போல என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

மலைப்பாதை கொள்ளை அழகு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு, ஒவ்வொரு வளைவிலும் கீழே எங்கோ ஒரு துண்டு ஏரி மின்னிவிட்டு மறையும். டீச்சர் ஓட்டினாள். பத்து மாடிக்கு ஆளை ஏற்றி இறக்குகிற மனுஷனுக்கு ஒரு காரை ரிவர்ஸ் எடுக்க வராது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஜம்பமாகக் காலைத் தூக்கி முன்பலகையில் வைத்துக்கொண்டான்.

“நகமில்லாத அந்தக் கட்டைவிரலை என் மூஞ்சிக்கு நேரா ஆட்டாதீங்க.”

வேலைக்குச் சேர்ந்த புதிதில் லிஃப்ட் கதவு ஒன்று அவன் வலது காலில் விழுந்தது. கட்டைவிரல் நகம் போனது போனதுதான், திரும்ப முளைக்கவே இல்லை.

“நான் எங்கயாச்சும் தொலைஞ்சு போனா இதை வச்சுத்தான் நீ கண்டுபிடிக்கணும்” என்று இன்னும் ஆட்டினான்.

கடைசியாக சிக்னல் இருந்த இடத்தில் ஸ்பேனர் போன் செய்தான். அவனோடு வேலை பார்க்கிற இளையவன், பின்பாக்கெட்டில் எப்போதும் ஸ்பேனரோடு திரிவதால் அந்தப் பெயர். மெக்கானிக்கை அண்ணன் என்பான், டீச்சரை அண்ணி என்பான். இவன் லீவுக்கு அவன்தான் இரட்டை வேலை பார்த்தான்.

“அண்ணே, மார்க்கெட் பில்டிங்ல ஒருத்தங்க மாட்டிக்கிட்டாங்க. எடுத்தாச்சு.”

“தட்டுனியா?”

“தட்டாம இருப்பனாண்ணே?”

அது அவர்களுக்குள் ஒரு வழக்கம். லிஃப்ட் நின்றுபோன இடத்துக்குப் போனதும் முதலில் டூல்ஸ் பையைத் திறக்கக் கூடாது. கதவைத் தட்ட வேண்டும். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. நான் வந்துவிட்டேன், பயப்படாதே என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் அதையே திருப்பித் தட்டுவார். அப்புறம் கதவு திறக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, டீ குடிக்கக்கூடப் போகக் கூடாது. தட்டினால் வாக்குக் கொடுத்த மாதிரி என்பான் அவன். சிலசமயம் கதவு அசையாது. அப்போது மேலேயிருந்து கேபினுக்குள் இறங்கி, உள்ளே இருப்பவர்களோடு இருந்து, அவர்களையெல்லாம் அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் மெக்கானிக் வெளியே வருவான்.

வீட்டிலும் அப்படித்தான். காலிங் பெல் இருக்க, சாவியின் தலையால் கதவில் இரண்டு, ஒன்று. அவள் உள்ளேயிருந்து கரண்டியால் இரண்டு, ஒன்று. காதல் வசனமெல்லாம் அவனுக்கு வராது. அவளுக்கு அந்தத் தட்டே போதுமாக இருந்தது.

ஏரிக்கரையில் இறங்கியபோது மத்தியானம். கூழாங்கல் பரந்த சமதளம். ஒரு ஈ காக்கை இல்லை. வேன் கதவைச் சாத்திவிட்டு, மடக்கு நாற்காலி இரண்டைப் போட்டு, டீ கிளாஸ்களைப் பாறைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

பிறகு எதிர்க்கரை இல்லாமல் போனது. பனிமூட்டம் தண்ணீர்மேல் தவழ்ந்து வந்து மரங்களை விழுங்கியது, பாதையை விழுங்கியது. பட்டப்பகல்தான். ஆனாலும் வேனுக்கும் நாற்காலிக்கும் அப்பால் உலகம் இல்லை.

பறவைச் சத்தமும் நின்றது.

டொக்.

டீச்சர் கிளாஸைக் கீழே வைத்தாள். சத்தம் வேனுக்குள்ளிருந்து வந்தது.

டொக். டொக்.

“தகரம் குளிர்ல சுருங்குது” என்றாள்.

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். “தகரச் சத்தம் எனக்குத் தெரியாதா? அது கை, டீச்சர்.”

நாம ரெண்டு பேரும் வெளியதானே இருக்கோம் என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் கை முந்திக்கொண்டது. பழக்கதோஷம். சட்டைப்பையிலிருந்த வீட்டுச் சாவியின் தலையால் வேன் பக்கவாட்டில் தட்டினான்.

இரண்டு. ஒன்று.

உள்ளே அமைதி. நெடுநேரம் காத்திருந்தவர் மூச்சை அடக்கிக்கொள்வதைப் போன்ற அமைதி.

பிறகு பதில் வந்தது.

இரண்டு. ஒன்று.

அவன் கதவை இழுத்துத் திறந்தான். யாரும் இல்லை. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், எங்கும் இல்லை. தரைமட்டும் நனைந்திருந்தது. கதவின் உட்புறத்தில், கைப்பிடிக்குக் கீழே, புதுப் பெயிண்டுக்கு அடியில் வரிவரியாகக் கீறல்கள் தெரிந்தன. அவன் அவற்றை விரலால் தடவிப் பார்த்தான்.

“கிளம்பலாம். இப்பவே” என்றாள் டீச்சர். “கேஸை மூடிட்டு வந்துடுறேன்.”

ஏறினாள். அடுப்புக்குக் கை நீட்டினாள். பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது.

சத்தமெல்லாம் அறுந்தது.

ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இல்லை. பச்சைத் தண்ணீர். அதில் சேறு துகள்துகளாக மிதந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. கத்தினாள். வாய் திறந்தது, குரல் வரவில்லை. கதவைக் கைவலிக்கத் தட்டினாள், தோளால் இடித்தாள், உட்கார்ந்து அழுதாள், எழுந்து மறுபடி தட்டினாள். பசி வந்து, பசி போயிற்று. தூக்கம் வந்தது, பயத்தில் அதுவும் போயிற்று. அம்மாவின் முகத்தை நினைக்கப் பார்த்தாள், முகம் வரவில்லை.

அவளைச் சுற்றி யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சில்லிட்ட கை அவள் கைக்குள் மெல்ல நுழைந்தது. இழுக்கவில்லை, நெரிக்கவில்லை. கூட்டத்தில் பயந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வார்களே, அப்படிப் பிடித்துக்கொண்டது.

கதவு திறந்தது. பனிமூட்டத்தில் அவன் நின்றிருந்தான்.

“என்ன, கேஸ் மூடியாச்சா?”

“எவ்வளவு நேரமாச்சு?”

“இப்பதானே ஏறின?”

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். நாளெல்லாம் தண்ணீரில் ஊறியதுபோல் பத்து விரல் நுனியும் சுருங்கி வெளுத்திருந்தன.

நாற்காலியையும் எடுக்கவில்லை, கிளாஸையும் எடுக்கவில்லை. முன்னால் ஏறி வண்டியைக் கிளப்பினாள். பனிமூட்டத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள்தான், இருந்தும் இரண்டு தடவை கியர் தப்பியது. ஓட்டிக்கொண்டே, உள்ளே நடந்ததை ஒன்று விடாமல் அவனிடம் சொன்னாள். தண்ணீரைச் சொன்னாள். மூச்சுச் சத்தத்தைச் சொன்னாள். அந்தக் கையையும் சொன்னாள்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பிறகு எத்தனையோ நாள் அதை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பாதை ஏறியது, வளைந்தது, மறுபடி ஏறியது. ஏறிக்கொண்டே போன பாதை எப்படி இறங்கியது என்று தெரியவில்லை. டயருக்கு அடியில் கூழாங்கல் நொறுங்கியது. எதிரே இரண்டு மடக்கு நாற்காலிகள்.

திருப்பினாள். இந்தத் தடவை பாறைப் பக்கமாகவே ஒட்டி ஓட்டினாள். ஒரு பிரிவைக்கூடத் தவறவிடவில்லை.

இரண்டு மடக்கு நாற்காலிகள்.

மறுபடியும் திருப்பினாள். பெட்ரோல் முள் சரிந்துகொண்டே வந்தது. செக்குமாடாகச் சுற்றிச் சுற்றி அதே கரைக்கு வந்து நின்றபோது, பாறைமேலிருந்த டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

தகரச் சுவருக்குப் பின்னால் தட்டல் தொடங்கியது. இப்போது அவசரமில்லை. வருவான் என்று நம்பித் தட்டுகிற தட்டல்.

அவன் எஞ்சின் சாவியைத் திருகி அணைத்தான்.

“என்ன பண்றீங்க?”

“நான் பதில் தட்டிட்டேன், டீச்சர்.”

“கதவைத்தான் திறந்தீங்களே! யாரும் இல்லையே!”

“வெளியேருந்து திறந்தேன். அவங்க இருக்கிற இடத்துக்கு அது எட்டல. உள்ள இறங்கித்தான் எடுக்கணும்.”

“உங்களுக்குக் கிறுக்கா?”

“உள்ள ஆள் இருக்காங்கன்னு நீதானே சொன்ன. கையைப் பிடிச்சாங்கன்னு சொன்ன. அப்புறம் எப்படி விட்டுட்டுப் போறது?” குரலில் வீராப்பு ஏதுமில்லை. அவனுக்கும் பயம்தான், உதடு வெளுத்திருந்தது. “இல்லன்னாலும் நம்மள இங்கேருந்து விடப்போறதில்ல. நீ வெளிய நில்லு. வெளிய ஒருத்தர் நின்னா போதும்னு அந்தம்மா சொன்னாங்கல்ல. நான் ரெண்டு, ஒண்ணு தட்டுவேன். உடனே திற.”

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளாக ‘நீங்க’ தவிர வேறு சொல்லாதவள், “போகாதடா” என்றாள்.

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சுருங்கிய நுனிகளை ஒருதரம் தடவிக் கொடுத்தான். பிறகு இறங்கிப் போய், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே ஏறினான். யார் வீட்டுக்குள் போனாலும் அப்படித்தான் போவான்.

கதவு மூடியது.

அவள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். உள்ளே அவன் நடக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

வேன் மெல்லக் கீழே அமுங்கியது. ஒருவர் ஏறினால் அமுங்குகிற அளவல்ல. ஒரு பஸ் கூட்டமே ஏறியதுபோல டயர்கள் கூழாங்கல்லில் புதைந்தன.

தட்டல் வந்தது. இரண்டு. ஒன்று.

இழுத்துத் திறந்தாள்.

குளிர் முகத்தில் அறைந்தது. குனிந்தபடி ஒரு ஆண் இறங்கினான். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது, உடம்பெங்கும் தண்ணீர் ஒழுகியது, விரல்களில் நகங்கள் உடைந்திருந்தன. அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் முழங்கைகளைத் தானே கட்டிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் நடந்து போய்விட்டான்.

அது அவள் புருஷன் இல்லை.

உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டில், அடுப்பு, அலமாரி. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வந்த தட்டு கையால் தட்டியது. அவன் எப்போதும் சாவியால் தட்டுவான்.

கதவு அவள் கையை உதறிக்கொண்டு மூடியது. உடனே உள்ளேயிருந்து, உலோகம் உலோகத்தில் படும் சத்தத்தில், இரண்டு. ஒன்று.

திறந்தாள். காலி. மூடினாள். இரண்டு, ஒன்று. திறந்தாள். காலி. குரல் போகும்வரை அவனைக் கூப்பிட்டாள். தோள் கழன்றுவிடும்போல வலிக்கும்வரை திறந்து திறந்து மூடினாள். இதற்குள் பனிமூட்டம் விலகி, எதிர்க்கரையில் வெயில் அடித்து, பறவைகள் ஒன்றுமே நடக்காதது மாதிரி கத்தத் தொடங்கியிருந்தன. மேலே போகும் பாதை பளிச்சென்று தெரிந்தது.

கொட்டகையில் வேன்காரம்மா ஒருவருக்குக் கரண்டியால் டீ புகட்டிக்கொண்டிருந்தாள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு, முடியிலிருந்து தண்ணீர் சொட்ட, அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். டீச்சருக்கு முன்னால் அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

“என் வீட்டுக்காரரும்மா” என்று வேன்காரம்மா காலில் விழுந்தாள். “வண்டியோட ஏரியில போயிட்டாரு. வண்டியைத் தூக்குனாங்க, கதவு சாத்தினபடி இருந்துச்சு, உள்ள இவரு இல்ல. ஆனா தட்டுனாரு. தினம் தட்டுனாரு. ஒருத்தர் உள்ள போனாத்தான் ஒருத்தர் வெளிய வரலாம். அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யாரு வாடகைக்கு எடுத்தாலும் சத்தம் கேட்டதும் ஓடித்தான் வந்தாங்க. பதில் தட்டுற ஆளா உங்க வீட்டுக்காரர்தான்…”

டீச்சர் அவளை அறைந்தாள். இன்னொரு முறையும் அறைந்தாள். வேன்காரம்மா தடுக்கவில்லை.

கம்பளிக்குள்ளிருந்தவர் வாயைத் திறந்தார். “நிறைய…” என்றார். வாயோரம் பச்சைத் தண்ணீர் வழிந்தது. “நிறைய பேரு…”

“நீங்க பேசாதீங்க” என்று வேன்காரம்மா அவர் வாயைத் துடைத்தாள். டீச்சர் அப்போது எதையும் கேட்கும் நிலையில் இல்லை.

போலீஸ் வந்தது. ஏரியில் ஆள் இறக்கித் தேடினார்கள். ஸ்பேனரும் லீவு போட்டு வந்து கரையில் நின்று அழுதான். குளிக்க இறங்கி முழுகிப் போயிருப்பார் என்று முடித்தார்கள். பச்சை வேனை டீச்சர் தன்னோடு ஓட்டி வந்துவிட்டாள். யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்து மூலையில் அதை நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி. டிரைவிங் ஸ்கூலுக்குப் போவதை விட்டாள். உள்ளேயிருந்து தட்டல் வரும். பதில் தட்டுவாள். கதவைத் திறப்பாள், காலியாக இருக்கும், மூடுவாள். சில நாள் அவன் மெதுவாகத் தட்டுவான். சில நாள், பயந்துபோனதுபோல, விடாமல் தட்டுவான். அவள் மேலே போய் ஒரு வாய் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் உள்ளே அவனுக்கு எத்தனை நாள் கழிந்திருக்கும் என்று நினைத்தால் சோறு இறங்காது. அவள் அங்கே இருந்தது ஒரு கணம். அந்த ஒரு கணத்திலேயே பெற்ற தாயின் முகம் மறந்துபோனது. அவன் போய் மாதங்கள் ஆகிவிட்டன.

தானே உள்ளே போய்விடலாமென்று ஆயிரம் முறை நினைத்தாள். போனால் வெளியே நின்று திறப்பது யார்? வேன்காரம்மாவை வயிறெரியச் சபித்ததும் உண்டு. அந்தச் சாபத்தில் சூடு வரவரக் குறைந்துகொண்டு வந்ததை அவள் கவனிக்காமல் இல்லை.

தானும் அப்படிச் செய்துவிடுவோமோ என்று பயந்துதான் அவள் ஸ்பேனரைக் கிட்டவே சேர்க்கவில்லை. அவன் வந்தால் கேட்டிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவாள். துக்கத்தில் இருக்கிறாள் என்று அவனும் ஒன்றும் கேட்பதில்லை.

அன்று மத்தியானம் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனது. ஸ்பேனர் வந்தான். புதிதாகக் கல்யாணமானவன், மனைவியைச் சினிமாவுக்குக் கூட்டிப்போகும் வழியில் வேலை வந்துவிட்டதாம், அவளைக் கேட்டருகே நிழலில் நிறுத்திவிட்டு வந்திருந்தான். வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே, யாரும் தடுக்கும் முன் ஜெனரேட்டர் மூலைக்கு வந்துவிட்டான்.

“அண்ணி, எப்படி இருக்கீங்க? இங்க ஏன் தனியா…”

உள்ளேயிருந்து தட்டல் வந்தது.

ஸ்பேனர் அப்படியே நின்றான். மற்றவர்களுக்கெல்லாம் அது ஜெனரேட்டர் சத்தம். அவன் காது வேறு.

“அண்ணி… அது அண்ணன் தட்டு.”

ஜெனரேட்டர்டா, போய் வேலையைப் பாரு என்று சொல்ல வேண்டும். சொல் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. கேட்டருகே அந்தப் பெண் செல்போனைப் பார்த்தபடி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

டீச்சர் தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். அன்று சுருங்கியவை இன்னும் நிமிரவில்லை.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஸ்பேனரின் கை தானாக உயர்ந்தது. இரண்டு. ஒன்று.

உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது.

“உள்ள ஆள் இருக்கு அண்ணி! அண்ணன் உள்ள இருக்காரு! கதவு என்னாச்சு?”

“சில நேரம் உள்ளேயிருந்து திறக்காது” என்றாள் டீச்சர். “வெளிய ஒருத்தர் நின்னா போதும். நான் நிக்கிறேன்.”

யாருடைய வார்த்தைகள் அவை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கண் கலங்கியது. நல்லவேளை, அவன் அதைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவிட்டான். எல்லாம் அண்ணனிடம் கற்றுக்கொண்டதுதான்.

கதவு மூடியது.

வேன் அமுங்கியது. டயர்கள் சிமெண்ட் தரையில் முனகின.

கேட்டிலிருந்து செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

“அக்கா, அவரு இங்கதானே வந்தாரு? எங்க போனாரு?”

இரண்டு. ஒன்று.

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடியை இழுத்தாள்.

குளிர் அறைந்தது. ஈரமண் வாசனை வந்தது. இருட்டிலிருந்து ஒரு வெறுங்கால், வலது கால், தண்ணீர் சொட்டச் சொட்டப் படியில் இறங்கியது. முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. குனிந்து கட்டைவிரலைத்தான் பார்த்தாள்.

நகம் இருந்தது.

முழு நகம், சேறு அடைந்து, யாரோ ஒருவருடையது. அந்த யாரோ அவளைக் கடந்து, அலறத் தொடங்கியிருந்த அந்தப் பெண்ணையும் கடந்து, முழங்கைகளைக் கட்டிக்கொண்டு தெருவை நோக்கி நடந்து போனார்.

கதவு தானாக மூடிக்கொண்டது.

உள்ளேயிருந்து சாவியின் தலையால் யாரோ தட்டினார்கள். இரண்டு. ஒன்று.

அதன் பக்கத்திலேயே, ஸ்பேனரால் இன்னொருவர். இரண்டு. ஒன்று.